ராஜநாகம் நான்கு இனமானதால் விஷமுறிவு மருந்தில் ஏதாவது மாறுமா?

மலைச்சாரல்:
பாம்புகளில் ஆர்வம் அதிகம், ஆனால் படித்தது வேறு துறை. 1836-இல் இயற்கையியலாளர் கேன்டர் விவரித்ததிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்கி பிலிப்பைன்ஸ் வரை ராஜநாகம் என்றால் ஒரே இனம் என்றுதான் புத்தகங்களில் இருந்தது. 2024-இல் அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது இப்போது ஒபியோபேகஸ் காளிங்கா. டிஎன்ஏவில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலே தனி இனம் ஆகிவிடுமா? ஆகட்டும், கடிபட்டவருக்கு அதனால் என்ன? விஷமும் வேறாக இருக்குமா?

செதில்:
டிஎன்ஏவை மட்டும் பார்த்துப் பிரிக்கவில்லை. காளிங்காவின் உடலில் வெளிறிய பட்டைகள் 40-ஐத் தாண்டுவதில்லை, வட இந்தியாவிலிருந்து இந்தோசீனம் வரை இருக்கும் ஹன்னாவுக்கு 50-க்கு மேல் போகும், லூசான் தீவின் சால்வடானா வளர்ந்துவிட்டால் பட்டையே தெரியாது. மரபணுவும் உடம்பும் ஒரே இடத்தில் பிரிந்து நின்றதால்தான் தனி இனம் என்றார்கள். ராஜநாகத்துக்கு ஈரமான காடு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் வறண்ட தக்காணம் கிடக்கிறது, அதைத் தாண்டி இணை தேடிப் போவது கடினம், அப்படி நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்த கூட்டம் தனியாகத்தான் மாறும்.

நாகங்களில் இது முன்பே நடந்தது. ஒரு காலத்தில் ஆசிய நாகங்கள் எல்லாமே நாஜா நாஜா என்ற ஒரே இனத்துக்குள் அடங்கியிருந்தன, இன்று பத்துக்கு மேற்பட்ட தனி இனங்கள். மியான்மரின் வறண்ட நடுப்பகுதியில் இருக்கும் மண்டலே துப்பும் நாகத்தை 2000-இல்தான் விவரித்தார்கள்.

நச்சுப்பல்:
கடிபட்டவருக்கு என்ன என்று கேட்டீர்கள், அதற்குக் கண்ணாடிவிரியனைப் பார்த்தால் நன்றாகப் புரியும். வங்காள விரிகுடாவுக்கு மேற்கே இருப்பவை ஒரு கிளை, மியான்மர், தாய்லாந்து, தைவான், ஜாவா பக்கம் இருப்பவை இன்னொரு கிளை என்று 2007-இல் வந்த ஆய்வு காட்டியது, இப்போது அவை இரண்டு இனங்கள். சரி, கடியின் அறிகுறிகளும் அப்படியே இரண்டாகப் பிரிந்தனவா என்றால் இல்லை. இலங்கையில் கடிபட்டவருக்கு இரத்தம் உறையாமல் போவதோடு இமைகள் சரிந்து கண்ணைத் திறக்கவே முடியாமல் போகலாம், பார்த்தால் கட்டுவிரியன் கடியோ என்று தோன்றும். மியான்மரில் பிட்யூட்டரி சுரப்பிக்குள் இரத்தம் கசிந்து ஹார்மோன் சுரப்பது நின்றுபோகிறது, கடல் தாண்டி இருக்கும் மற்ற இனத்தின் கடியாலும் அதே பாதிப்பு தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறது. வம்சாவளி ஒரு வழியில் போகிறது, விஷம் இன்னொரு வழியில்.

காரணம் விஷம் உருவான விதம். உடம்பில் வேறு வேலை பார்த்த ஒரு புரதத்தின் மரபணு இரட்டிக்கிறது, ஒரு நகல் பழைய வேலையைத் தொடர, மற்றது விஷச்சுரப்பியில் வேலைசெய்யத் தொடங்கி வேகமாக மாறுகிறது. விஷத்தில் இருக்கும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியின் மரபணுக்கள் இப்படித்தான் அடுத்தடுத்துப் பெருகின. ஓரிடத்துப் பாம்புகளில் ஒரு நகல் கூடும், வேறிடத்தில் ஒன்று காணாமல் போகும். இரை, வயது எல்லாம் சேரும்போது ஒரே இனத்துக்குள்ளேயே விஷம் மாறிவிடுகிறது.

மலைச்சாரல்:
அப்படியென்றால் நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்யும் இந்திய மருந்து எல்லா ஊருக்கும் எப்படிப் போதும்?

நச்சுப்பல்:
போதவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷங்கள் பெரும்பாலும் 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் மருந்து செய்பவர்களுக்குப் போயின. இருளர்களின் உழைப்பால் பிழைத்தவர்கள் ஏராளம். குறை, ஒரு மூலையில் எடுத்த விஷத்தை வைத்து நாடு முழுவதற்கும் மருந்து செய்ததில் இருக்கிறது. வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகம், மேற்கின் சிந்து கட்டுவிரியன் போன்றவற்றுக்கு எதிராக அந்த மருந்து பலவீனமாக இருப்பதை 2019-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ராஜநாக விஷம் அதில் சேர்க்கப்படவே இல்லை, அதற்குத் தனி மருந்து தாய்லாந்தில் செய்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கும்போது, வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் எடுத்து மருந்து செய்யத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் ஒன்று, கடித்தது எந்த இனம் என்று தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே மருந்து கொடுப்பார், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செதில்:
நச்சுப்பல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விஷம் துப்பும் பழக்கம் ஆப்பிரிக்க நாகங்களில், ஆசிய நாகங்களில், நாகங்களுக்கு உறவான தென்னாப்பிரிக்க ரிங்கால்ஸ் பாம்பில் என்று மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியது என 2021-இல் காட்டினார்கள். மூன்றிலுமே பாஸ்போலிபேஸ் ஏ2 சேர்ந்து கண்ணில் பட்ட விஷத்தின் வலியைக் கூட்டுகிறது. ஆகவே வம்சாவளியை மட்டும் வைத்து விஷத்தை ஊகிக்க முடியாது. வம்சாவளி ஆய்வுகளில் அதிகம் பார்க்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவதால் தாய்வழிக் கதையை மட்டும் சொல்லும் என்பதும் இருக்கிறது, இரண்டு இனங்கள் கலந்த இடங்களில் அது தவறான வழியைக் காட்டிவிடும். முழு மரபணுத்தொகுதி கையில் இருந்தால் விஷ மரபணுக்களையே நேரடியாகப் பார்க்கலாம். 2020-இல் இந்திய நாகத்துக்கு அதைச் செய்தபோது 139 விஷ மரபணுக்கள் கிடைத்தன, அவற்றில் 19 விஷச்சுரப்பியில் மட்டுமே வெளிப்படுகின்றன. இப்போது குதிரைக்கு விஷம் செலுத்தி அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள், அப்படிக் குதிரை இல்லாமல் ஆய்வகத்தில் செயற்கையாக விஷமுறிவு மருந்து செய்வதற்கு முதலில் குறிவைக்க வேண்டியவை அவைதான் என்கிறார்கள்.