புடவையைக் காட்டினால் பழைய பில் வருகிறது

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஜாவா ஸ்விங், அதாவது ஜாவா மொழியில் ஜன்னல், பட்டன் எல்லாம் அமைக்க உதவும் தொகுப்பு. கல்லா மேசையில் ஒரு பக்கம் பில் பிரிண்டர், மறுபக்கம் கவர் கட்டு, நடுவில் கீபோர்டு. மவுஸை நகர்த்த ஒரு சாண் இடம் கிடையாது. கல்லாவில் உட்காரும் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, திரையில எத்தனை பட்டன் வேணா வெச்சிக்கோ. எனக்கு எல்லாம் விரல்லயே நடக்கணும்."

சரி என்று பார்கோடு எண் விழும் கட்டத்தில் ஒரு கீலிசனரை (விசை தட்டுவதைக் கேட்டு வேலை செய்யும் சின்ன நிரல்) மாட்டினேன். எஃப்9 என்றால் பிரிண்ட், எஃப்4 என்றால் ரிட்டர்ன், அதாவது வாங்கிய துணியைத் திருப்பி எடுப்பது. பில் காலியாக இருக்கும்போது பிரிண்ட் கொடுத்தால் கடைசி பில்லின் நகல் வரும். அதுவும் என் கைங்கரியம்தான். வீட்டு லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கடையில் கொண்டுபோய்ப் போடும்போது, பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டுமே என்று விண்டோஸ் தோற்றத்துக்கு மாற்றினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. எம்.சி. ரோட்டில் அன்றைக்குக் கால் வைக்க முடியாது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். போன் வந்தது. "தம்பி, நான் புடவையைக் காட்டினா இது முன்னாடி போனவங்க பில்லை அடிக்குது!" போய்ப் பார்த்தால் பிரிண்டரிலிருந்து காகிதம் தரைவரை தொங்குகிறது. ஒரே பில், பதினொரு முறை.

நடந்தது இதுதான். அக்கா சாப்பிடப் போன நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்த பையன் மவுஸை எடுத்து பிரிண்ட் பட்டனை அழுத்தியிருக்கிறான். அழுத்தியதும் ஃபோகஸ் (தட்டும் விசைகள் போய்ச் சேரும் இடம்) கட்டத்தை விட்டு பட்டனுக்குப் போய்விட்டது. கீலிசனர், தான் மாட்டியிருக்கும் இடத்தில் ஃபோகஸ் இருந்தால்தான் பேசும். ஆக எஃப்9, எஃப்4 இரண்டும் ஊமை. பார்கோடு ஸ்கேனரோ கணினியின் கண்ணுக்கு இன்னொரு கீபோர்டுதான். எண்களை அடித்து, கடைசியில் ஒரு எண்டரையும் தட்டும். எண்களை பட்டன் கண்டுகொள்ளவில்லை. எண்டரைக் கண்டுகொண்டது. ஸ்விங்கின் வழக்கமான மெட்டல் தோற்றத்தில், ஃபோகஸில் உள்ள பட்டனை ஸ்பேஸ் மட்டும்தான் அழுத்தும். விண்டோஸ் தோற்றத்தில் எண்டரும் அழுத்தும். வீட்டில் எனக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அங்கேயே ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்து சரி செய்தேன். எல்லா பட்டனுக்கும் செட்ஃபோகசபிள் ஃபால்ஸ், அதாவது ஃபோகஸை வாங்காதே என்ற கட்டளை. இனி யார் கிளிக் செய்தாலும் கர்சர் கட்டத்திலேயே இருக்கும். (கல்லாவுக்கு இது பொருந்தும். பார்வையற்றவர்கள் டேப் விசையால் நகர்ந்து பயன்படுத்தும் மென்பொருளில் இதைச் செய்தால் பாவம்.) கீலிசனரை அடியோடு எடுத்துவிட்டு, ரூட்பேனின் (ஜன்னலின் அடித்தளப் பகுதி) இன்புட்மேப்பில் 'வென் இன் ஃபோகஸ்டு விண்டோ' என்ற வகையில் விசைக்கு ஒரு பெயர், ஆக்‌ஷன்மேப்பில் அந்தப் பெயருக்கு ஒரு செயல். ஜன்னலுக்குள் ஃபோகஸ் எங்கே இருந்தாலும் வேலை செய்யும். முதலில் ஆக்‌ஷனிலேயே ஆக்சலரேட்டர் கீ (குறுக்குவிசை) வைத்தால் போதும் என்று நினைத்து அரைமணி நேரம் போச்சு. மெனு உருப்படிகள்தான் அதை மதிக்கும், ஸ்விங்கின் பட்டனான ஜேபட்டன் திரும்பிக்கூடப் பார்க்காது.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து இன்னொரு புகார்: "அழுத்தினேனா இல்லையான்னே தெரியல." விசை நேராகச் செயலை ஓட்டியதால் திரையில் பட்டன் அசையவில்லை. விசைக்குரிய செயலில் பட்டனின் டூகிளிக்கை (கிளிக் செய்ததுபோலவே பட்டனை அழுத்தும் கட்டளை) அழைத்தேன். 68 மில்லிசெகண்ட் பட்டன் உள்ளே போய் வெளியே வருகிறது. இன்னொரு லாபம், ரிட்டர்ன் பட்டன் மங்கலாக (அழுத்த முடியாதபடி) இருக்கும்போது எஃப்4ம் வேலை செய்யாது. என் பழைய கோடில் பட்டன் மங்கியிருந்தாலும் எஃப்4 பாட்டுக்கு ரிட்டர்னைத் திறந்துவிடும்.

விசைகளோடு தாங்கள் பட்ட பாட்டை இன்னும் மூன்று பேர் சொல்கிறார்கள். முதலில் வியாசர்பாடியிலிருந்து:

எனக்குக் கல்லூரி புராஜெக்ட். சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் கால்குலேட்டர். விசைகளை ஃபார்மே (ஜன்னல்) முதலில் பார்க்கட்டும் என்று கீபிரிவ்யூவை ட்ரூ என்று வைத்து, எண் விசைகளை பட்டன்களோடு இணைத்துவிட்டுப் பெருமையாக மேடத்திடம் காட்டினேன். அவர் நேராக வலப்பக்க எண் தட்டில் கை வைத்தார். ஒன்றுமே வரவில்லை. மேல்வரிசை 1க்குக் குறியீடு 49, எண் தட்டின் 1க்கு 97. நான் மேல்வரிசைக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். அப்புறம் அம்புக்குறி விசைகள். பட்டன் இருக்கும் ஃபார்மில் அவை கீடவுனுக்கு (விசை அழுத்தியதும் ஓடும் பகுதி) வருவதே இல்லை, ஃபோகஸை அடுத்த பட்டனுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடும். அதற்கும் முன்னால் விசையைப் பார்க்கும் பிராசஸ்சிஎம்டிகீயை ஓவர்ரைடு செய்துதான் (எனக்கு ஏற்றபடி மாற்றி எழுதித்தான்) பிடித்தேன்.

தண்டையார்பேட்டை, டிடிபி கடை:

எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை வேலைக்குத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு எப்போதும் ஆனில் இருக்கும். நான் எழுதிய சின்ன டூலில் ஆங்கில 'பி' (P) தட்டினால் பிரிவ்யூ பட்டன் என்று, தட்டிய எழுத்தை ஒப்பிட்டிருந்தேன். தமிழ்99ல் அந்த விசை 'ண'. ஒப்பீடு எங்கே பொருந்தும்? எஃப் விசைகளுக்கு மாறிவிட்டேன், எந்த மொழியில் இருந்தாலும் எஃப்6 எஃப்6தான். எஃப்10 பக்கம் மட்டும் போகாதீர்கள், மெனு பார் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

ராயபுரத்திலிருந்து:

நானும் ஒரு துணிக்கடைக்காரருக்குத்தான், சி ஷார்ப்பில். பட்டன் மேல் 'பேண்ட்&ஷர்ட்' என்று எழுதினேன். திரையில் 'பேண்ட்ஷர்ட்' என்று ஒட்டிக்கொண்டு, 'ஷ'வுக்குக் கீழே ஒரு கோடு. ஆல்ட்டோடு சேர்த்துத் தட்டவேண்டிய எழுத்தைக் காட்டும் குறியாக அது & ஐ எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓனர் தமிழில் எழுத்துப்பிழை என்று என்னைத் திட்டினார். && என்று இரண்டு போட்டபிறகுதான் ஒன்று தெரிந்தது.