கலைச்சொல் வேண்டும்: காட்டில் இடம் மாறி மாறி வாழும் வேட்டைக்குடிகள்

மாங்குளம், ஆசிரியை:

வணக்கம். காட்டு வேட்டைக்குடிகளின் மொழி, தோற்ற வரலாறு பற்றித் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறு நூலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கொங்கோப் படுகையின் பாக்கா, ஆக்கா, மலேசியாவின் பத்தேக், போர்னியோவின் பெனான், தாய்லாந்தின் ம்லாப்ரி, நம் நாட்டு வேடர் எல்லாரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் தேவை. "வேட்டையாடி, உணவு சேகரித்து, இடம்பெயர்ந்து வாழும் மக்கள்" என்பதுதான் வழக்கம். அதை வகுப்பில் வாசித்ததும் ஒரு பிள்ளை, "எந்தச் சண்டையிலே ரீச்சர் இடம்பெயர்ந்தவை?" என்று கேட்டது. வன்னியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. அதை அப்படியே அச்சுக்கு விட எனக்கு மனமில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ரீச்சர், சொல் கையிலேயே இருக்கிறது: எயினர், சங்கப் பாட்டில் வரும் வேட்டுவக்குடி. பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். எயினர் பெண்களான எயிற்றியர் உளிபோன்ற பூண் போட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். எறும்பு சேர்த்துவைத்த அரிசி அது என்பார்கள் உரைகாரர். அதை முற்றத்து நிலவுரலில் இட்டுக் குற்றுகிறார்கள். ஆண் வேட்டைக்குப் போக, பெண் நிலத்தில் உணவு தேடுகிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்? 'எய்' என்பது வேர், எய்பவர் எயினர். 'எயில்' என்ற மதிலும் அம்பெய்யும் இடமாதலால் அதே வேர்தான் என்பது என் துணிபு. அதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பு, கணினி ஆசிரியர்:

சேர், எயினர் பாலைத் திணையில் வழிப்பறி செய்பவர்களாகவும் வருகிறார்களே. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலும் ஆநிரை கவர்வதுதான் அவர்கள் தொழில். பெனான் மக்களுக்கு அந்த நிழல் எதற்கு? உயர்தரத்தில் தமிழ் எடுக்காத பிள்ளைக்கு எயினர் என்றால் ஒன்றும் தெரியாது. பேசாமல் 'வேட்டை சேகரிப்பாளர்' என்று போடுங்கள், எல்லாருக்கும் விளங்கும்.

முள்ளியவளை:

'சேகரிப்பாளர்' என்றால் முத்திரை சேகரிப்பவர் மாதிரி இருக்கிறது. வடமொழி வாடையும் வருகிறது. 'திரட்டுநர்' நல்ல சொல். 'பொறுக்குநர்' இன்னும் பொருத்தம். விறகு பொறுக்குகிறோம், பாலைப்பழம் பொறுக்குகிறோம், அதே வினைதானே?

மாங்குளம், ஆசிரியை:

'பொறுக்குநர்' என்று எழுதினால் பிள்ளைகள் 'பொறுக்கி' என்றுதான் வாசிப்பார்கள். வேண்டாம். 'காடுண்ணி' என்று இன்னொருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். எங்கள் காட்டில் உண்ணி என்றால் மாட்டில் ஒட்டுவது. அதுவும் வேண்டாம்.

முத்தையன்கட்டு:

நான் மொழி படித்தவனல்ல, காட்டுக்குப் போகிறவன். 'சேகரிப்பு' என்பதைவிட 'தேடு' சரியாக வரும். வைகாசி, ஆனியில் பாலை பழுத்தால் எந்த மரத்துக்கு எப்போது போவதென்று தெரிந்துதான் போவோம். கரடியும் அதே மரத்துக்கு வரும், அதற்கு முன் போக வேண்டும். தேனும் அப்படித்தான். தேனீ தண்ணீர் குடித்துவிட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனால்தான் தேன்வதை அகப்படும். காட்டுக்காரருக்கு இது அலைச்சல் இல்லை. ஆகவே அலைகுடி, நாடோடி இரண்டும் பொருந்தா. நாடோடி என்பதில் 'நாடு' வேறு இருக்கிறது, இவர்கள் இருப்பது காட்டில்.

முல்லைத்தீவு:

முத்தையன்கட்டு அண்ணை சொன்னதுதான் சரி. கோபமில்லாமல் நீளமாக எழுதுகிறேன். இந்த நூலுக்குச் சொல் பொறுக்கும்போது ஒரு குடியின் தோற்ற வரலாற்றை முன்கூட்டியே தீர்ப்பாகச் சொல்லிவிடும் சொல் எதுவும் கூடாது. 'ஆதிவாசி', 'தொல்குடி' இரண்டையும் அதனால்தான் மறுக்கிறேன். ம்லாப்ரிகளை எடுங்கள். இலைத்தட்டி போட்டு அதற்குள் இருந்தார்கள், இலை மஞ்சளாகும்போது விட்டுப்போனார்கள். அதனால் தாய்லாந்து மொழியில் அவர்களுக்கு 'மஞ்சள் இலைப் பேய்கள்' என்று பெயர். அவர்களைப் பழைய கற்கால மிச்சம் என்றே பலர் எழுதினார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு, பயிர் செய்த ஒரு கூட்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் காட்டுக்குள் போனவர்கள் போலத் தெரிகிறது என்றது. அப்படியானால் 'ஆதி' எங்கே?

மொழியிலும் அதே கதை. பாக்கா மக்கள் உபாங்கி மொழி பேசுகிறார்கள், ஆக்கா மக்கள் பாண்டு மொழி பேசுகிறார்கள். இரண்டும் பக்கத்து விவசாயிகளின் மொழிக்குடும்பங்கள். ஆனால் தேன், காட்டுச் செடி, விலங்கு, கருவி பற்றிய பல சொற்கள் இருவருக்கும் பொது. செர்ஜ் பாஹுசே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதைத் தொகுத்துக் காட்டி, ஒரு காலத்தில் ஒரே மக்களாக இருந்தவர்கள் பிறர் மொழியை ஏற்றுக் காட்டுச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றார். வேடர் பேச்சும் சிங்களத்தோடு கலந்து உருவானது, அடியில் இனந்தெரியாத சொற்கள் கிடக்கின்றன. மூதூர், வாகரைக் கரையோர வேடர் தமிழே பேசுகிறார்கள். தமிழ் பேசுவதால் அவர்கள் வேடரல்லர் என்று சொல்லிவிட முடியுமா?

அப்புறம் இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். 1911இல் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் எழுதியபடி, வேடர் குடும்பங்களுக்குத் தங்கள் தங்கள் குகையும் வேட்டைப்புலமும் இருந்தன, அவை வழிவழியாகக் கைமாறின. ஒரு எல்லைக்குள் பருவம் பார்த்துச் சுற்றி வருவதுதான் அவர்கள் வாழ்வு. உண்மையான இடம்பெயர்வு 1983இல் வந்தது. மதுறு ஓயாத் தேசிய பூங்கா அமைத்தபோது அவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றி ஹெனானிகல என்ற ஊரில் குடியேற்றினார்கள். ரீச்சர், உங்கள் நூலில் 'இடம்பெயர்' என்ற சொல்லை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அங்கே சரியாகப் புரிந்துகொள்வார்கள். மற்ற இடமெல்லாம் 'சுற்றுக்குடிகள்' என்பது என் முன்மொழிவு.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேடர் தங்களை 'வன்னியலா எத்தோ' என்கிறார்கள், காட்டில் வாழ்வோர் என்று பொருள். அந்த வன்னியும் நம் வன்னியும் ஒன்றுதானா? 'வஹ்னி' என்ற தீயிலிருந்து வந்ததென்பர் சிலர், வன்னி மரமென்பர் சிலர், 'வன்' என்ற வலிமை அடி என்பேன் நான். வன்னிபங்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் ஆண்ட அடர்காடு…

புதுக்குடியிருப்பு, கணினி ஆசிரியர்:

சேர், நாளை வெள்ளி.

முள்ளியவளை:

'சுற்று' என்றால் சுற்றுலா நினைவு வராதா? ஆனால் சுற்றம் என்பதும் அதிலிருக்கிறது. காட்டில் சிறு சிறு குடும்பங்களாகத் திரிபவர்களுக்கு அது பொருந்தும். சரி, நான் எதிர்க்கவில்லை.

மாங்குளம், ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. அட்டையில் 'உணவுதேடும் வேட்டைச் சுற்றுக்குடிகள்', உள்ளே சுருக்கமாகச் 'சுற்றுக்குடிகள்' என்று போடுகிறேன். ஹெனானிகலப் பக்கத்தில் மட்டும் 'இடம்பெயர்வு' வரும். எயினர் என்பதை வேடர் அத்தியாயத்தில் ஒரு பெட்டிச்செய்தியாகத் தருகிறேன், சேர் கோபிக்கக் கூடாது.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கோபமில்லை, ஒப்பவும் இல்லை. பெட்டிக்குள் வைக்கும் சொல் அல்ல அது. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். இன்னொன்று: மூன்றாம் அத்தியாயத்தில் பாக்கா பற்றி 'மொழிமாற்றம் செய்தனர்' என்று இருக்கிறது. வானொலியில் மொழிமாற்றம் என்றால் பெயர்த்துத் தருவது. தங்கள் மொழியை விட்டுவிட்டு அயலார் மொழிக்குப் போவதற்கு அது ஆகாது. 'மொழி கைவிடல்' என்று போடலாமா, 'மொழி ஏற்றல்' என்று போடலாமா என்று இன்றிரவுக்குள் எல்லாரும் சொல்லுங்கள்.