ஃபார்மில் வந்ததை அப்படியே ஆப்ஜெக்ட்டில் கொட்டி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

மஞ்சக்குப்பத்தான்

எனக்குக் கடலூர். வேலை புதுச்சேரியில், நாலு பேர் உள்ள சின்ன ஆபீஸ். ஒரு பெயிண்ட் கடைக்கு லாராவெல்லில் (பிஎச்பி மொழியின் ஒரு ஃப்ரேம்வொர்க்) பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறோம். போன மாதம் ஒரு நாள் காலை, பஸ் தவளக்குப்பம் தாண்டும்போது கடை முதலாளியிடமிருந்து போன்.

“தம்பி, அந்த கான்ட்ராக்டருக்கு 50,000-க்கு மேல கடன் கூடாதுன்னு போட்டு வெச்சிருந்தேன். இப்ப 2,10,000 நிக்குது. உங்க சிஸ்டம் தூங்குதா?”

ஆரியங்குப்பம் வருவதற்குள் மொபைலிலேயே டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். கடன் வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் 50,000 இல்லை, நல், அதாவது மதிப்பே இல்லை. எங்கள் கோடில் நல் என்றால் ‘வரம்பே கிடையாது’. அப்படி எழுதியது நான்தான், பழைய வாடிக்கையாளர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கவுன்ட்டரில் இருக்கும் பெண் அவருடைய போன் நம்பரை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். முதலாளிக்கும் கவுன்ட்டருக்கும் ஒரே ஃபார்ம். கவுன்ட்டர் ஆள் வரம்பைப் பார்க்கக் கூடாது என்று அந்தக் கட்டத்தை சிஎஸ்எஸ்ஸில் மறைத்து, மதிப்பையும் காலியாக விட்டிருந்தோம். மறைத்தால் மட்டும் கட்டம் இல்லாமல் போய்விடுமா? சேவ் அழுத்தியதும் காலி ஸ்ட்ரிங்காகக் கிளம்பியது. வழியில் ரெக்வெஸ்ட்டை முதலில் கையாளும் லாராவெல்லின் மிடில்வேர் அதை நல் ஆக்கியது. ரெக்வெஸ்ட்டை வாங்கி வேலை செய்யும் கன்ட்ரோலரில் ஒரே வரி: ரெக்வெஸ்ட்டில் உள்ள எல்லாவற்றையும் எடுத்து மாடலை (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்) அப்டேட் செய். எதை இப்படி மாற்றக் கூடாது என்று சொல்லும் கார்டட் அரே மாடலில் காலி. திறந்த வீட்டில் எதுவோ நுழைந்த கதைதான்.

எதை மாற்றலாம் என்று மாடலில் ஃபில்லபிள் பட்டியல் போட்டால் தீர்ந்தது என்பார்கள். ஆனால் முதலாளி மாற்றினால் வரம்பு மாற வேண்டும், கவுன்ட்டர் மாற்றினால் மாறக் கூடாது. மாடலுக்கு ஒரே பட்டியல் இதற்குப் பத்தாது. கடைசியில் ரீட்ஒன்லியாக (உருவான பிறகு மாற்ற முடியாதபடி) இரண்டு இன்புட் கிளாஸ் எழுதினேன். ஒன்றில் பெயர், போன், முகவரி. இன்னொன்றில் தொகை மட்டும், அது நல் ஏற்காது. மாடலை கன்ட்ரோலர் நேராகத் தொடுவதையும் நிறுத்தி, ‘போனை மாற்று’, ‘வரம்பை வை’ என்று மெத்தட் வழியாக மட்டும் விட்டேன். கூட வேலை செய்யும் அண்ணன் “ஒரு போன் நம்பருக்கு மூணு ஃபைலா?” என்று சிரித்தார். சிரிக்கட்டும். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா

தம்பி, உன்னுடையது பரவாயில்லை, கடனோடு போயிற்று. நான் ஜிஎஸ்டியில் மாட்டினேன்.

பழைய பிஎச்பி கோடு, ஃப்ரேம்வொர்க் எதுவும் கிடையாது. ஃபார்மில் வந்த மதிப்புகள் இருக்கும் போஸ்ட் அரேயில் லூப் ஓட்டி, ஃபீல்டு பெயருக்கு முன்னால் ‘செட்’ என்று ஒட்டி, அந்த மெத்தடை, அதாவது செட்டரை, கூப்பிடும் பத்து வரி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். (எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் போயிருப்பார்.) முகவரி கிளாஸில் பின்கோடு செட்டர் தன் பங்குக்கு ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தது: பின்கோடு 605-ல் தொடங்கினால் மாநிலம் புதுச்சேரி.

நம்ம ஊரில் இது ஓடுமா? விழுப்புரம் 605602, அது தமிழ்நாடு. காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464, மூன்றும் புதுச்சேரி. விழுப்புரத்துக் கடைக்கு லாரியில் அனுப்பிய சரக்குக்கு, வேறு மாநிலம் போவதால், ஐஜிஎஸ்டி போட வேண்டும். எங்கள் பில்லில், உள்ளூர் விற்பனைக்குப் போடும் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் பாதிப் பாதியாக நின்றன.

“நான் தமிழ்நாடுன்னுதான் செலக்ட் பண்ணேன்” என்று பில் போடும் பையன் சத்தியம் செய்தான். பொய் சொல்லவில்லை. ஃபார்மில் மாநிலம் முதலில், பின்கோடு அதற்கு அடுத்து. லூப் அதே வரிசையில் ஓடும். மாநிலத்தைத் தமிழ்நாடு என்று வைத்த கையோடு, பின்கோடு செட்டர் வந்து புதுச்சேரி என்று அழித்து எழுதிவிடும். எச்டிஎம்எல்லில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றினால் வரி மாறும்! அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்.

இப்போது செட்டரே இல்லை. முகவரியை எல்லா மதிப்பும் கையில் இருக்கும்போது, ஆப்ஜெக்ட்டைப் பிறப்பிக்கும் கன்ஸ்ட்ரக்டரில் ஒரே தடவையாக உருவாக்குகிறோம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தேர்ந்தெடுத்த மாநிலத்தோடு ஒத்துப்போக வேண்டும்: தமிழ்நாடு என்றால் 33, புதுச்சேரி என்றால் 34. ஒத்துப்போகவில்லை என்றால் முகவரியே உருவாகாது.

நெல்லிக்குப்பம்

செக்பாக்ஸ். டிக் எடுத்துவிட்டால் பிரவுசர் அந்த ஃபீல்டை அனுப்பவே அனுப்பாது, பழைய மதிப்பு அப்படியே நின்றது. ‘எஸ்எம்எஸ் வேண்டாம்’ என்று டிக் எடுத்தவர்களுக்கு ஆறு மாதம் எஸ்எம்எஸ் போய்க்கொண்டே இருந்தது. அதே பெயரில் 0 மதிப்புள்ள ஹிட்டன் ஃபீல்டை அதற்கு முன்னால் வைத்தோம், நின்றது. வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

லாஸ்பேட்டை_86

சிம்ஃபொனி (இன்னொரு பிஎச்பி ஃப்ரேம்வொர்க்) ஆட்கள் சிரிக்க வேண்டாம், எனக்கும் அடி விழுந்தது. ஒரு டியூஷன் சென்டருக்கு ஃபீஸ் ஃபார்ம். ஒருவர் -500 என்று அடித்தார். வேலிடேட்டர் சரியாகப் பிடித்தது, சிவப்பில் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் டேட்டாபேஸில் -500 ஏறிவிட்டது!

சிம்ஃபொனி ஃபார்ம் முதலில் மதிப்புகளை என்டிட்டியில் (டேட்டாபேஸில் சேமிக்கும் ஆப்ஜெக்ட்) கொட்டும், அப்புறம்தான் சரியா என்று பார்க்கும். தவறு என்று தெரிந்தாலும் கொட்டியதைத் திரும்ப அள்ளாது. அந்த என்டிட்டி, டேட்டாபேஸில் எழுதும் டாக்ட்ரின் லைப்ரரியின் கண்காணிப்பில் இருக்கிறது. தவறான ஃபார்ம்களைக் குறித்துவைக்க நான் ஒரு லாக் என்டிட்டி வைத்திருந்தேன், அதைச் சேமிக்க ஃப்ளஷ் கூப்பிட்டேன். ஃப்ளஷ்ஷுக்கு என் லாக் வேறு, ஃபீஸ் வேறு என்று தெரியுமா? மாறிய எல்லாவற்றையும் எழுதிவிட்டது. தப்பைப் பதிவு செய்யப் போட்ட கோடே தப்பை நடத்தி வைத்தது.

அதிலிருந்து ஃபார்மின் டேட்டா கிளாஸாக என்டிட்டியைக் கொடுப்பதில்லை. மதிப்பைச் சுமக்க மட்டும் தனியாக ஒரு கிளாஸ், அதாவது டிடிஓ; சரி என்று வந்த பிறகுதான் என்டிட்டி.

பண்ருட்டி முந்திரி

டிடிஓ வைத்திருந்தும் ஏமாந்தவன் நான். முந்திரி குடோன் ஸ்டாக் ஃபார்ம், ஒரு வரிசைக்கு 8 கட்டம். சீசனில் 140 வரிசை வந்தது. சேவ் ஆனதோ 124 மட்டும், 125-ஆவதில் கடைசிக் கட்டம் காணோம் என்று பிழை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

டிடிஓவைத் திட்டினேன், வேலிடேட்டரைத் திட்டினேன். பிறகு பேப்பரில் கணக்கு போட்டேன். ஃபார்மோடு போகும் பாதுகாப்பு டோக்கன் 1, 124 வரிசைக்கு 992, மிச்சம் 7. மொத்தம் சரியாக 1000. பிஎச்பியில் ‘மேக்ஸ் இன்புட் வார்ஸ்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு அதுதான். அதற்கு மேல் வருவதை வெட்டிப் போட்டுவிட்டு லாகில் ஒரு வார்னிங் மட்டும் எழுதும். அந்த லாகை யார் பார்க்கிறார்கள்?

மஞ்சக்குப்பத்தான்

அண்ணே, இதைப் படித்துவிட்டு எங்கள் பெயிண்ட் கடை ஸ்டாக் ஃபார்மை உட்கார்ந்து எண்ணினேன். வரிசைக்கு 6 கட்டம், 156 வரிசை, டோக்கன், ஹிட்டன் எல்லாம் சேர்த்து 940. பொங்கலுக்குப் புது ஷேடு 20 வருகிறதாம்.