மெயில் படிச்சா காசுன்னு சொல்றாங்களே, நேரம் செலவு பண்ற அளவுக்கு வொர்த்தா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் தேனி பக்கம். பையன ஸ்கூலுக்கு அனுப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் கிடைக்குது, போன்லயே சின்னதா ஏதாவது சம்பாதிக்கலாமான்னு பாத்துட்டு இருந்தப்ப எங்க நாத்தனார் ஒரு லிங்க் அனுப்பினாங்க. சேந்தா விளம்பர மெயில் வரும், அத திறந்து உள்ள இருக்க லிங்க தட்டி அந்த பக்கத்துல 30 செகண்ட் இருந்தா மெயிலுக்கு 25 பைசா ஏறுது. சேந்ததுக்கே 50 ரூபா போனஸ்னு அக்கவுண்ட்ல காட்டுது. 500 ஆனாதான் எடுக்க முடியும். ஆள் சேத்துவிட்டா அவங்க சம்பாதிக்கறதுல 10 பர்சென்ட் நமக்கு. இதுவரைக்கும் காசு எதுவும் கேக்கல. இது நெஜமா கைக்கு வருமா, வந்தாலும் இதுக்கு உக்காரலாமா? நாத்தனாருக்கே இன்னும் 500 சேரல, அதனால அவங்களாலயும் சொல்ல முடியல. ஃபேக்னு ஒரே வார்த்தைல முடிச்சிடாம ஏன்னு கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள:
சிஸ்டர், ஃபேக்கா இல்லையாங்கறத அப்புறம் பாக்கலாம், அவங்க சொல்றது எல்லாமே உண்மைன்னு வச்சுக்கிட்டே முதல்ல கணக்கு போடுவோம். போனஸ் 50 போக மீதி 450. மெயிலுக்கு 25 பைசான்னா 1800 மெயில் படிக்கணும். டைமர் 30 செகண்ட்தான், ஆனா மெயில திறக்கணும், பக்கம் லோடு ஆகணும், கடைசில கேப்ட்சா (நீங்க மனுஷன்தானான்னு பாக்க படத்துல காட்டற எழுத்து) அடிக்கணும், எல்லாம் சேத்து ஒரு மெயிலுக்கு 45 செகண்ட்னு வைங்க. 1800 மெயிலுக்கு இருபத்திரண்டரை மணி நேரம். அதாவது மணிக்கு 20 ரூபா. 2025-26க்கு தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபா, அத இதுல எடுக்கணும்னா கிட்டத்தட்ட 17 மணி நேரம் மெயில தட்டிட்டு இருக்கணும்.

சரி பரவால்ல சும்மா இருக்க நேரம்தானேன்னு உக்காந்தாலும் மெயில் வரணும்ல? நாளைக்கு 10 மெயில் வந்தா 180 நாள், ஆறு மாசம். நீங்க அதிகமா உழைக்க ரெடியா இருந்தாலும் அவங்க அனுப்பறதுதான் அளவு. நடுவுல ஒரு மாசம் லாகின் பண்ணலன்னா பேலன்ஸ் ஜீரோன்னு நெறைய சைட்ல ரூல் இருக்கும், டெர்ம்ஸ் பக்கத்த ஒரு தடவ முழுசா படிங்க. ஒரே வைஃபைல ரெண்டு அக்கவுண்ட் இருந்தா ரெண்டையும் முடக்கறதும் அதுலயே இருக்கும், உங்க நாத்தனாரும் நீங்களும் ஒரே வீடுன்னா அதையும் பாருங்க.

ஆள் சேக்கறது பத்தி: 10 பர்சென்ட்ல உங்களுக்கு 500 வரணும்னா நீங்க சேத்தவங்க எல்லாரும் சேந்து 5000 ரூபா சம்பாதிச்சிருக்கணும், அதாவது 20,000 மெயில். யாரு படிப்பா அவ்ளோ.

பேனர்காரன்:
நான் ஆன்லைன் விளம்பர வேலைலதான் இருக்கேன், ஏன் ரேட் இவ்ளோ கம்மின்னு சொல்றேன். விளம்பரம் குடுக்கறவனுக்கு வேண்டியது பொருள் வாங்கற ஆளு. காசுக்காக க்ளிக் பண்றவங்க 30 செகண்ட் முடிஞ்சதும் மூடிருவாங்க, யாரும் எதுவும் வாங்க மாட்டாங்க, அது அவனுக்கு ரிப்போர்ட்ல அப்படியே தெரியும். அதனால நல்ல விளம்பரதாரர் யாரும் இந்த பக்கம் வர்றதில்ல, வர்றவன் குடுக்கற சில்லறைல பெரும்பங்கு சைட்காரனுக்கு, மிச்சம் உங்களுக்கு. இது புதுசும் இல்ல. அமெரிக்கால 1999ல ஆல்அட்வான்டேஜ்னு ஒரு கம்பெனி நெட் பாக்கறதுக்கு மணிக்கு அரை டாலர் குடுத்துச்சு, லட்சக்கணக்குல ஆள் சேந்தாங்க, விளம்பர வருமானம் அத தாங்கல, 2001ல மூடிட்டாங்க.

எனக்கு காச விட பெரிய கவலை உங்க தகவல்தான். 2016ல க்ளிக்ஸ்சென்ஸ்னு, விளம்பரத்த தட்டினா காசு குடுக்கற, பேர் போன ஒரு சைட்ட ஹேக் பண்ணாங்க, சுமார் 66 லட்சம் பேரோட விவரம் போச்சு, பாஸ்வேர்ட எல்லாம் மறைக்காம அப்படியே எழுத்தா வச்சிருந்தாங்க. ஒழுங்கா காசு குடுத்துட்டு இருந்த சைட்டுக்கே அந்த நெலம. பேங்க், யூபிஐ எல்லாம் இருக்க மெயில் ஐடிய தயவுசெஞ்சு இதுக்கு குடுக்காதீங்க.

ஜெர்சிவாசி:
நான் நியூஜெர்சில இருக்கேன். இங்கயும் இதே மாதிரி மெயில் படிச்சா காசு குடுக்கற சைட் இருக்கு, இன்பாக்ஸ்டாலர்ஸ் 2000ல இருந்து இருக்கு, மைபாயின்ட்ஸ் 1996ல ஆரம்பிச்சது, ரெண்டுமே இப்ப ப்ரொடீஜ்ங்கற ஒரே கம்பெனி கைல. காசு வருது, நான் கிஃப்ட் கார்டா எடுத்திருக்கேன், அதனால எல்லாமே ஏமாத்துன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா மெயில் படிச்சு வர்றது ஒன்னோ ரெண்டோ சென்ட்தான், பாலன்ஸ் ஏறறது எப்படியும் வாங்கப்போற சாமான அவங்க லிங்க் வழியா வாங்கறதாலதான். அது தள்ளுபடி, சம்பாத்தியம் இல்ல. இன்னொன்னு, இன்பாக்ஸ்டாலர்ஸ் அமெரிக்கால இருக்கவங்களுக்கு மட்டும், வீபிஎன் (வேற நாட்டுல இருக்க மாதிரி காட்டற ஆப்) போட்டு ஊர்ல இருந்து சேந்துடாதீங்க, எடுக்கற நேரத்துல அக்கவுண்ட மூடிருவாங்க, பாடுபட்டதெல்லாம் போயிரும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. இன்னைக்கு காலைல அந்த சைட்ல இருந்தே ஒரு மெயில், 999 கட்டி கோல்டு மெம்பர் ஆனா 200 ரூபாலயே எடுக்கலாம், மெயிலுக்கு 2 ரூபா, பான் கார்டு போட்டோவும் அப்லோடு பண்ணனும்னு. டெலிகிராம் குரூப் லிங்க்கும் இருக்கு. நாத்தனார் கட்டலாமான்னு யோசிக்கறாங்க.

கணக்குப்புள்ள:
கட்டவே வேண்டாம், இன்னைக்கே அவங்களுக்கு போன் பண்ணி சொல்லிருங்க. 25 பைசா குடுக்கவே விளம்பரத்துல வருமானம் இல்லாதவன் 2 ரூபா எங்க இருந்து குடுப்பான்? அடுத்து சேர்றவங்க கட்டற 999ல இருந்துதான். 2011ல ஸ்பீக் ஏசியாங்கற கம்பெனியும் இப்படித்தான், சர்வே எழுத 11,000 ரூபா கட்டி சேந்தாங்க, வட இந்தியால எத்தன குடும்பம் அழுதுச்சு. நம்ம கோவைலயே விளம்பரம் பாத்தா காசுன்னு சொன்ன ஒரு கம்பெனி மேல 2024 ஜனவரில கேஸ் போட்டப்ப, பணம் கட்டுன ஜனங்களே ஆயிரக்கணக்குல நீலாம்பூர் ரோட்ல கூடி கம்பெனிக்கு ஆதரவா நின்னாங்க. கட்டுன காசு திரும்ப வரணுமேங்கற பயம், அவங்கள தப்பு சொல்ல மனசு வரல. டெலிகிராம் குரூப்ல முதல்ல நூறு இருநூறு நெஜமாவே போட்டு நம்ப வச்சுட்டு அப்புறம் ஆயிரக்கணக்குல கட்ட சொல்லுவாங்க, அதுல போய் சேராதீங்க.

பேனர்காரன்:
பான் போட்டோ அனுப்பலல்ல? அனுப்பாதீங்க. அந்த சைட்ல போட்ட பாஸ்வேர்ட வேற எங்க வச்சிருந்தாலும் உடனே மாத்துங்க. கூகுள் வழியா லாகின் பண்ணியிருந்தா கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் போய் அந்த சைட்டோட அனுமதிய எடுத்துருங்க. நாத்தனார் ஏற்கனவே கட்டிட்டாங்கன்னா காத்துட்டு இருக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ண சொல்லுங்க, சீக்கிரம் சொன்னா பணம் போன அக்கவுண்ட முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கு, யூபிஐ ட்ரான்சாக்‌ஷன் நம்பர் கேப்பாங்க, கைல எடுத்து வச்சுட்டு பேச சொல்லுங்க.

வைகைக்கரை:
இன்னும் கட்டல, இப்பதான் பேசினேன். பாஸ்வேர்டு மாத்திட்டேன். அனுமதி எடுக்கற இடம் தேடிட்டு இருக்கேன், போன்லயே பண்ணலாமா இல்ல கம்ப்யூட்டர் வேணுமா?

பேனர்காரன்:
போன்லயே முடியும். செட்டிங்ஸ்ல கூகுள்னு இருக்கும், அதுல உங்க அக்கவுண்ட், அப்புறம் செக்யூரிட்டி, கீழ தள்ளிட்டே போனா வேற ஆப், சைட்டோட இருக்க இணைப்புன்னு வரும். அந்த சைட் பேர தட்டி எல்லா இணைப்பையும் நீக்குங்க. வரலன்னா இங்கயே எழுதுங்க, பாக்கறேன்.