பின்பாரம் என்று சொல்லலாம்

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானத்தின் ஈர்ப்பு மையம், இருக்க வேண்டிய இடத்தைவிட்டு வால் பக்கமாகத் தள்ளிப்போயிருக்கும் நிலையைக் குறிக்க 'வாற்கனம்' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. புணர்ச்சிப்படி அதில் பிழையில்லை. ஆனால் அதைக் கேட்பவர் வால்தான் கனத்துவிட்டது என்று பொருள்கொண்டு குறையை வாலிலேயே தேடுவார் என்பதால், அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

1 கிலோகிராம் எடையுள்ள என் விமானத்தில், ஈர்ப்பு மையத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருந்த 180 கிராம் பேட்டரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 120 கிராம் பேட்டரி ஒன்றைப் பொருத்தினேன். வாலில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனாலும் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் பின்னுக்குப் போய்விட்டது. தரையைவிட்டு எழும்பியதுமே மூக்கு தானாக மேலேறியது. கையிலுள்ள ரேடியோ கருவியின் ஸ்டிக்கைச் சற்றே முன்னால் தள்ளியதும் வேண்டியதற்கு மேல் கவிழ்ந்தது. திரும்ப இழுத்தபோது வேகம் அற்று, ஒரு பக்க இறக்கை சரிந்து விழுந்தது. குறை மூக்கில் இருக்க, பழியை வாலின்மேல் போடும் சொல் நமக்கு எதற்கு?

ஆகவே 'பின்பாரம்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. இரண்டு சக்கர மாட்டுவண்டியில் சுமை ஏற்றுபவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று வழங்கும் சொற்கள் குறிப்பது எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதையே, எந்தப் பாகம் கனமானது என்பதை அன்று. மாதிரி விமானத்துக்கும் வேண்டிய பொருள் அதுவே. பிற்பகல், முற்பகல் போல இதைப் 'பிற்பாரம்' என்று எழுத வேண்டாமா என்று கேட்கலாம். பின்பக்கம், பின்பாட்டு, முன்பணம் என்றெல்லாம் திரியாமல் எழுதும் வழக்கும் நிலைத்திருப்பதால், பேசுகிறபடியே எழுதுவது போதும்.

சொல் நிற்குமா என்பதைச் செய்முறைக் குறிப்பு ஒன்றில் வைத்துப் பார்த்தால் தெரியும்: "பேட்டரியைப் பொருத்தியபின், இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 விழுக்காட்டுக்குள் குறிக்கப்பட்ட இடத்தில், இருபுறமும் விரல்நுனியால் தாங்கிப் பார்க்கவும், வால் தாழ்ந்தால் பின்பாரம், முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்தவும், அதிலும் தீராவிட்டால் மூக்கில் சமன்பாரம் சேர்க்கவும்." மூக்கில் ஒட்டும் ஈயத்துண்டுக்குச் 'சமன்பாரம்' என்ற சொல்லையும் இங்கேயே முன்வைக்கிறேன்.

'வாற்கனம்' என்பதை அடியோடு கைவிட வேண்டியதில்லை. பழுதுபார்க்கும்போது பூசிய பசையால் வாலே உண்மையில் கனத்துப்போவதும் உண்டு. 60 சென்டிமீட்டர் பின்னால் கூடிய 10 கிராமை ஈடுகட்ட, 20 சென்டிமீட்டர் முன்னால் 30 கிராம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்துக்கு வாற்கனம் என்றும், அதனால் விளையும் நிலைக்குப் பின்பாரம் என்றும் பிரித்து வழங்கலாம்.