கீழவீதி வீட்டார் குழு: திருவையாற்றுக்கு யார் யார்?

12 ஜனவரி 2025, ஞாயிறு

ராஜி அத்தை: இந்த வருஷம் தியாகராஜ சுவாமிகள் ஆராதனைக்கு யாராவது என்னைத் திருவையாறு அழைத்துப் போகிறீர்களா? அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடுவது 18-ஆம் தேதி, சனிக்கிழமை காலை. முட்டி அறுவை சிகிச்சைக்கு அப்புறம் தரையில் உட்கார முடியவில்லை. பந்தல் ஓரமாக ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். பாடிவிட்டு வந்துவிடுவேன்.

மீனா: நான் வருகிறேன் அத்தை

கார்த்தி: வண்டி ரெடி

சுந்தரம் சித்தப்பா: அக்கா, நல்ல யோசனை. எல்லோரும் கவனமாகப் படிக்கவும். 17-ஆம் தேதியையும் அரசு விடுமுறையாக அறிவித்துவிட்டது, அதனால் 14 முதல் 19 வரை தொடர் விடுமுறை. போவதில் சிரமம் இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் அதற்குள் போயிருப்பார்கள். திரும்புவதுதான் பெரும்பாடு, ஞாயிறு மாலை மொத்தச் சென்னையும் திரும்பும். ஆகவே வெள்ளி காலை கிளம்பி, தஞ்சாவூரில் தங்கி, சனிக்கிழமை மதியமே புறப்பட்டுவிட வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கி.மீ.தான். வழி: திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர். அங்கே பிரிந்து அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர். கொள்ளிடம் பாலம் தாண்டினால் திருவையாறு. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம் வழியாகப் போகலாம் என்று கார்த்தி சொல்வான். சேத்தியாத்தோப்பு வரை சாலை வேலை இன்னும் முடியவில்லை. அக்கா முதுகு தாங்காது.

கார்த்தி: நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே சித்தப்பா

கார்த்தி: ஆனால் கும்பகோணம் வழிதான். காபி!

மதுரை மாமா: எனக்கு அசோகா 1 கிலோ

மீனா: நீங்கள் வரவில்லையா மாமா?

மதுரை மாமா: அசோகா வந்தால் போதும்

விஜி அத்தை: கால் கிலோ வாங்கு மீனா. அவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது.

சுந்தரம் சித்தப்பா: அசோகா என்பது பாசிப்பருப்பு அல்வா. பருப்பைக் குழைய வேகவைத்து, கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது. திருவையாற்றில் ஆண்டவர் கடையில் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். கட்டி எடுத்து வந்தால் பாதி ருசிதான்.

மதுரை மாமா: பாதி ருசி போதும்

கௌரி: கேட்பது தப்பாக இருந்தால் மன்னியுங்கள். கார்த்தி அப்பாவுக்கு இன்னும் தலைத்திவசம் ஆகவில்லை. அதற்குள் கச்சேரிக்கு என்று கிளம்பலாமா?

விஜி அத்தை: எனக்கும் அதுதான் மனதில்

சுந்தரம் சித்தப்பா: நானும் யோசித்தேன். அண்ணி என்ன நினைப்பார்களோ என்று எழுதவில்லை.

ராஜி அத்தை: ஆராதனையே ஒரு திதிதானே கௌரி. சுவாமிகள் 1847-ல் புஷ்ய பகுள பஞ்சமியில் சமாதி அடைந்தார். அந்தத் திதியில்தான் எல்லோரும் கூடி உட்கார்ந்து அவர் பாட்டையே அவருக்குப் பாடுகிறோம். அண்ணனை மறந்துவிட்டு நான் போகவில்லை. அண்ணி வேண்டாம் என்றால் போகவும் மாட்டேன்.

பெரியம்மா: குரல் செய்தி 0:52

கார்த்தி: வெளியில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. அம்மா என்ன சொன்னார்கள்?

மீனா: நான் எழுதுகிறேன். பெரியப்பாவுக்குப் பாட்டு தெரியாது, ஆனால் வருஷா வருஷம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். வெளியே வண்டிப் பக்கத்திலேயே நிற்பார். முதல் பாட்டு, நாட்டை ராகம், ஆரம்பித்ததும் பேப்பரை விரிப்பார், ஸ்ரீராகம் வந்ததும் மடித்துவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்துவார். ஐந்தாவது அதுதான், முடியப்போகிறது என்று தெரியுமாம். இந்த வருஷம் அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்கிறார்கள்.

கார்த்தி: சரி

கார்த்தி: நான் ஓட்டுகிறேன். நீங்களும் வாருங்கள் அம்மா.

விஜி அத்தை: நானும் வருகிறேன். இவர் அசோகாவை இவரே வாங்கிக்கொள்ளட்டும்.

பெரியம்மா: புளிசாதம் நான் கட்டுகிறேன். என் நாலடுக்கு கேரியர் யாரிடம் இருக்கிறது?

விஜி அத்தை: 2016-ல் மீனாவின் அக்கா சீமந்தத்துக்கு ராஜி அக்கா எடுத்துப் போனார்கள்

ராஜி அத்தை: அடுத்த வாரமே சுந்தரத்திடம் கொடுத்துவிட்டேன்

சுந்தரம் சித்தப்பா: பார்க்கிறேன்

விஜி அத்தை: எட்டு வருஷமாக இதே பதில்

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜி அத்தை: நான் படித்துவிட்டேன்

மதுரை மாமா: என்ன எழுதினான்?

விஜி அத்தை: வெள்ளி இரவு தஞ்சாவூர் அறையில் பீராம்

கார்த்தி: பிரபுவுக்கு அனுப்ப வேண்டியது. மன்னித்துவிடுங்கள்.

சுந்தரம் சித்தப்பா: கார்த்தி, பீர் குடிப்பது பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை விடியும்போதே திருமஞ்சன வீதியில் சுவாமிகள் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை ஊர்வலம் கிளம்பும். அதற்கு நாம் போய்ச் சேர வேண்டும். இரவு நிறையக் குடித்தால் காலையிலும் ரத்தத்தில் இருக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. வண்டியில் ஏறுவது யார் என்று யோசி. நம் வீட்டில் ஒருமுறை பட்டது போதும்.

மதுரை மாமா: சீர்காழிக் கல்யாணமா?

விஜி அத்தை: அது இங்கே வேண்டாம்

பெரியம்மா: ஊர் திரும்பிய பிறகு நம் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடியுங்கள். முந்திரி வறுத்துத் தருகிறேன். போகும் வழியில் மட்டும் வேண்டாம் கண்ணா.

கார்த்தி: கண்டிப்பாக அம்மா

கார்த்தி: முந்திரி என்றால் பண்ருட்டி. பண்ருட்டி என்றால் கும்பகோணம் வழி.

சுந்தரம் சித்தப்பா: பெரம்பலூர் வழி

ராஜி அத்தை: மீனா, நீயும் என்னோடு உட்கார்ந்து பாட வேண்டும்

மீனா: எனக்கு நாலுதான் தெரியும் அத்தை. நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீராகம். வராளி நீங்கள் சொல்லித் தரவில்லை.

ராஜி அத்தை: வராளியை நேரே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாமல் போய்விடும் என்பார்கள். என் குருவும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. என் பக்கத்தில் உட்கார், உனக்கும் காதில் விழும். அப்புறம், போனதும் முதல் வேலையாக நாகரத்னம்மாள் சமாதிக்குப் பூ வாங்கிப் போட வேண்டும். சுவாமிகளுக்குச் சமாதிக் கோயில் கட்டியவர் அவர். அந்தக் காலத்தில் பெண் என்பதால் அவருக்கே அங்கே பாட இடம் இல்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் ஆராதனையைத் தனித்தனியாக நடத்திய எல்லாக் கட்சியும் ஒன்றாயிற்று. அவர் 1952-ல் போனார். சுவாமிகளைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறார். அவர் விடாமல் நின்றதால்தான் நான் இருபது வயதில் அந்தப் பந்தலில் உட்கார்ந்தேன்.

மீனா: எத்தனை முழம் அத்தை?

ராஜி அத்தை: நாலு முழம். மல்லிகை கிடைக்காவிட்டால் கதம்பம்.

பிரபு: இப்போதுதான் பார்க்கிறேன். அறை இரண்டா மூன்றா? யார் யார் வருகிறீர்கள்?

சுந்தரம் சித்தப்பா: மேலே இருந்து படி

பிரபு: படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்

கௌரி: மூன்று போடுங்கள். இந்த வாரம் கிடைத்தால்.

மதுரை மாமா: நானும் வந்தால் நாலு

விஜி அத்தை: வருகிறீர்களா இல்லையா?

மதுரை மாமா: நாளைக்குச் சொல்கிறேன்

சுந்தரம் சித்தப்பா: அண்ணி, கேரியர் பரணில் இருந்தது. மூன்று அடுக்குதான் இருக்கிறது.

பெரியம்மா: இருப்பதைக் கொண்டு வா சுந்தரம்