[கலைச்சொல்] புரதம் மடிகிறதா, மடிக்கப்படுகிறதா? வெள்ளிக்குள் வேண்டும்

ச. (கேம்பிரிட்ஜ்), திங்கள்

அனைவருக்கும் வணக்கம். இங்கே பக்கத்தில் ஹிங்ஸ்டனில் ஐரோப்பியப் புரதத் தரவு வங்கிக் குழு இருக்கிறது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஓவிய மாணவர்களுக்குப் புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் காட்டுவார்கள். பிள்ளைகள் அதை வைத்து வரைவதும் செய்வதும் கண்காட்சிக்குப் போகும். என் மகள் பட்டுப்புழுவின் ஃபைப்ராயினை, அதாவது பட்டு இழையின் புரதத்தை, எடுத்திருக்கிறாள். பாட்டியின் கிழிந்த காஞ்சிபுரம் பட்டைக் கொசுவி, கஞ்சி போட்டு நிறுத்தி, ஆறு அடுக்காகச் சட்டத்தில் தைத்திருக்கிறாள். ஜரிகைக் கரைதான் புரதச் சங்கிலியாம்.

விளக்க அட்டையை வீட்டு மொழியிலும் வைக்கலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நாற்பது சொல்தான் இடம். எனக்கு இரண்டு சொல் இடிக்கிறது: புரோட்டீன் ஃபோல்டிங் (நீளச் சங்கிலியான புரதம் வளைந்து தன் வடிவத்துக்கு வருவது), பீட்டா ப்ளீட்டட் ஷீட் (சங்கிலிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து நெளிந்த பரப்பாவது). வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

புலவர் (தஞ்சாவூர்), திங்கள் இரவு

அன்புள்ள தம்பி, இணையத்தில் 'புரத மடிப்பு' என்று பார்க்கிறேன். அது பிழை. பிரிவு, பிரிப்பு, அழிவு, அழிப்பு, இணைவு, இணைப்பு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒருவர் வேட்டியை மடித்தால் மடிப்பு. தானாக மடிந்தால் மடிவு. உங்கள் புரதத்தை யாராவது உட்கார்ந்து மடிக்கிறார்களா? இல்லையென்றால் 'புரத மடிவு' என்றே எழுதுக.

டீச்சர் (யாழ்ப்பாணம்), செவ்வாய்

ஐயா சொல்வது அறிவியலுக்கும் பொருந்துது. அன்ஃபின்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியைக் குலைத்துப் போட்டு, பிறகு குலைத்த பொருளை அகற்றினார். அது தானாகவே பழைய வடிவத்துக்கு வந்து மறுபடி வேலை செய்தது. 1972இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் உயிரணுவுக்குள் எல்லாப் புரதத்துக்கும் அந்தக் கெட்டித்தனம் இல்லை. பலவற்றுக்குக் கூட நின்று உதவச் சாப்பரோன் என்ற வேறு புரதங்கள் வேணும். அப்ப அது தன்வினையா, பிறவினையா?

புலவர், செவ்வாய்

கூட நின்று உதவுபவளா! அம்மா, அவளுக்கு ஈராயிரம் ஆண்டாக நம்மிடம் பெயர் உண்டு. தோழி. தலைவிக்காகத் தோழி பேசுவாள், வழி செய்வாள். களவில் கூடுவது தலைவியும் தலைவனும்தான். ஆகவே தன்வினையே. மடிவு.

ர. (சென்னை), செவ்வாய்

தோழிப் புரதத்துக்கு என் ஓட்டு உண்டு. மடிவுக்கு இல்லை. ஐயா, அட்டையில் "இப்புரதம் மடிந்தது" என்று போட்டால் இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. இதில் வேடிக்கை, மடிந்த புரதம்தான் உயிரோடு வேலை செய்கிறது. குலைந்ததுதான் போய்ச் சேர்ந்தது. பத்தாம் வகுப்புப் பையன் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

என்னைக் கேட்டால் 'புரோட்டீன் ஃபோல்டிங்' என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகலாம். 'புரதம்' மட்டும் என்ன, புரோட்டீனுக்கு வேட்டி கட்டிவிட்டதுதானே?

புலவர், புதன் அதிகாலை

பசுவின் மடி, தாய் மடி, வேட்டி மடி, ஆசாரக்காரர் மடி, வள்ளுவர் 61ஆம் அதிகாரம் வைத்துக் கண்டித்த மடி. இத்தனை மடியையும் தமிழன் இடம் பார்த்துப் பிரித்தறிகிறான். உங்கள் பத்தாம் வகுப்புப் பையனுக்கு மட்டும் ஏன் முடியாது? (மடிதல், மாய்தல், மாள்தல் மூன்றும் ஒரே வேரா என்பது பற்றித் தனியாக எழுதுகிறேன். நீளும்.)

ச., புதன்

ஐயா, அது வெள்ளிக்குப் பிறகு வரட்டும். ஷீட்டுக்கு என்ன சொல்வது?

டீச்சர், புதன்

உங்கட மகளே சேலையில் செய்து காட்டிவிட்டாளே! எங்கட பக்கம் கொய்யகம் என்போம், நீங்கள் கொசுவம் என்பீர்கள். பௌலிங், கோரி என்ற வேதியியலாளர்கள் 1951இல் இந்த வடிவத்தை முன்வைத்தபோது ஆங்கிலத்தில் வைத்ததும் பாவாடை மடிப்புக்கான சொல்லைத்தான்.

ஒரு எச்சரிக்கை. கரை போகும் திசையைப் பார்க்கச் சொல்லுங்கோ. சங்கிலி மேலும் கீழுமாக நெளிந்து போகும். பக்கத்துச் சங்கிலிகளும் அதே இடத்தில் நெளிவதால்தான் முழுப் பரப்பும் கொசுவமாகத் தெரியுது. அதனால் சங்கிலி கொசுவத்துக்குக் குறுக்கே போக வேணும், கொசுவத்தின் நீளத்துக்கு அல்ல. பட்டு ஏன் இழுபடாது என்பதும் இதுதான். சங்கிலிகள் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுசா நீண்டு கிடக்கு. கம்பளியில் சுருளாக இருக்கு, அதுதான் இழுபடுது. 1930களில் லீட்ஸில் ஆஸ்ட்பரி கம்பளியை இழுத்து ஊடுகதிர் (எக்ஸ்ரே) படம் எடுத்தபோது, இழுக்காத நிலைக்கு ஆல்ஃபா, இழுத்த நிலைக்கு பீட்டா என்று பெயர் வைத்தார். அந்த பீட்டாதான் இது. அதைத் தயவுசெய்து 'இரண்டாம் வகை' என்று மொழிபெயர்க்க வேண்டாம்.

புலவர், புதன்

கொய்தல் என்றால் பூப்பறித்தல் மட்டுமன்று. துணியைச் சுருக்கி அடுக்குதலும் கொய்தலே. கொய்சகம், கொசுவம், யாழ்ப்பாணத்துக் கொய்யகம் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'கொய்சகப் படலம்' என வைத்தால் மூலமும் விளங்கும்.

ர., புதன் இரவு

யாருக்கு விளங்கும்? தமிழ்நாட்டில் ஜவுளிக்கடையில் போய்க் கொய்சகம் என்றால் கொசுவலை எடுத்துக் காட்டுவார்கள். கொசுவம்தான்.

நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்று சங்கிலி முறுக்கு என்று வடிவம் கொடுத்தார்கள். அதற்கு 'மூன்று கால் பின்னல்' என்பதைவிட நல்ல தமிழ் உண்டா? யாராவது வைத்தோமா?

புலவர், வியாழன்

முப்புரி.

ர., வியாழன்

பூணூலுக்கு ஆகிவந்த பெயரைப் புரதத்துக்கு ஏன் மாட்டுகிறீர்கள்? பின்னல் என்றால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

(இதற்குப் பின் பதினொரு மடல்கள் முப்புரிக்கே போயின. அதில் இரண்டு கம்பராமாயணம் பற்றியவை. விடுகிறேன். ச.)

டீச்சர், வியாழன் இரவு

பிள்ளை நாளைக்கு அட்டை அடிக்க வேணும். புரதத்தின் வடிவத்தை நாடா மாதிரி வரைந்து காட்டும் படத்தை மறந்துபோனோம். ஜேன் ரிச்சர்ட்சன் 1981இல் வெளியிட்ட படங்களில் பீட்டா இழையைப் பட்டையான அம்பாகவும் ஆல்ஃபாவைச் சுருண்ட நாடாவாகவும் கையாலேயே வரைந்தார். கணினித் திரையில் இன்றைக்கும் அதே முறைதான். அந்த அம்பில் கொசுவம் தெரியாது. அதனால் படத்துக்கு 'நாடாப் படம்', பரப்புக்குக் 'கொசுவத் தாள்' என்று இரண்டாக வையுங்கோ.

ச., வெள்ளி

அட்டை போய்விட்டது. ஃபோல்டிங்குக்கு 'மடிப்பு' என்றே வைத்தேன். ஐந்து பேர் அதன் பக்கம், மடிவுக்கு இருவர், ஒருவர் எதுவானாலும் சரி என்றார். ஷீட்டுக்குக் 'கொசுவத் தாள்'. தோழி நாற்பது சொல்லுக்குள் அடங்கவில்லை, மன்னிக்கவும். டீச்சர் சொன்னதைப் பார்த்து மகள் நேற்று இரவு கரையைப் பிரித்துக் குறுக்கே தைத்தாள். இரண்டு ஊசி உடைந்தது.

படத்தை ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்பினோம். அட்டையைப் படித்தாரா தெரியவில்லை. "கொசுவம் வலப்பக்கம் பார்க்குதே, யார் கட்டிவிட்டா?" என்று மட்டும் குரல்பதிவு வந்தது.

புலவர், வெள்ளி இரவு

பாட்டி சொல்வது சரி. 'தாள்' என்றால் திருவடி, அல்லது காகிதம். பட்டு இரண்டும் அன்று. 'படலம்' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா? மடிவு பற்றிய என் நிலை மாறவில்லை. வேர் பற்றிய கட்டுரையின் முதல் பகுதியை இணைத்திருக்கிறேன்.